மாரியில் காலியாகக் கிடக்கும் ரூமுக்கு என்ன வழி?

மட்டக்களப்பில் ரூம் வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், தோணி விடுகிறவர் யாராக இருந்தாலும், யாவாரம் படுத்தால் வாயில் முதலில் வருவது மூன்று யோசனைதான். சுவருக்குப் பெயின்ற் அடிப்பம், விலையைக் குறைப்பம், பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுவம். மூன்றும் காசு தின்னும். ஆள் ஏன் வரவில்லை என்ற கேள்வி மூன்றிலும் கிடையாது.

நான் கல்லடியில் வாவிப் பக்கமாக, வீட்டின் மேல்மாடியில் மூன்று ரூம் வாடகைக்கு விடுகிறேன். அதற்கு முன் கட்டாரில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை, கடைசியில் சுப்பவைசர். அங்கே கற்றதில் இங்கே உதவினது துவாயை அன்னம்போல மடிக்கிற வித்தை இல்லை. அங்கு வைத்திருந்த லொக் புத்தகம்தான் உதவியது. இரவு வேலை முடிந்து போகிறவர் அதில் எழுதிவிட்டுத்தான் போவார்: எந்த ரூமில் என்ன கேட்டார்கள், எதைக் கொடுக்க முடியவில்லை. காலையில் வரும் மனேஜர் கொடுத்ததைப் பார்ப்பதில்லை. கொடுக்க முடியாமல் போனதைத்தான் விரல் வைத்துப் படிப்பார்.

இங்கே சொல்லப்போவது சிறிய அளவில் தொழில் செய்கிறவர்களுக்கு. பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல் நடத்துகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை, அவருக்கு வேறு தலையிடி இருக்கும்.

இல்லை என்று சொன்னதை எழுதுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட கோடுக் கொப்பி) வாங்குங்கள். போனில் எழுதினாலும் சரிதான், ஆனால் வீட்டில் யார் போனை எடுத்தாலும் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்குக் கொப்பிதான் வசதி. யார் கேட்டார், எங்கிருந்து, என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், வந்தாரா இல்லையா. இவ்வளவும் ஒரே வரியில் வரட்டும். வந்து தங்கினவரின் கணக்கு எப்படியும் பில்லில் கிடக்கும். வராமல் போனவரின் கணக்கு எங்கும் இல்லை. வலையில் விழுந்த மீனை மட்டும் எண்ணுகிற மாதிரித்தான் நம்மில் பலர் தொழில் பார்க்கிறோம்.

ஒரு மாதம் எழுதினால் போதும், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது தெரியும். என் கொப்பியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அதிகம் வந்தவை இவை: “பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டவா?”, “இரவு ரெயிலில் வாறம், விடிய முன்னம் ரூம் தருவீங்களா?”, “கஞ்சி காய்ச்ச அடுப்பு இருக்கா?”, “ஒரு கிழமைக்கு எவ்வளவு?” கடல் தெரியுமா என்று கேட்டவர் அருமை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெயர்ப் பலகைகளில் எல்லாம் கடலும் தென்னையும்தான் கீறிக் கிடக்கிறது.

“ஆக்கள் வாறாங்க இல்லை” என்பது பிரச்சினை இல்லை, அது புலம்பல். “இரவு ரெயிலில் வருகிறவருக்கு விடியற்காலை ரூம் இல்லை” என்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் அதற்கு நாளைக்கே ஏதாவது செய்யலாம். கொப்பியில் உள்ளதை இப்படி மாற்றி எழுதிப் பழகுங்கள். தையல் கடைக்கும் இது பொருந்தும், ஓட்டோ ஓடுகிறவருக்கும் பொருந்தும்.

காலண்டரைத் தலைகீழாகப் பாருங்கள்

நமக்கும் தெற்குக்கும் காலம் எதிர். காலி, மிரிஸ்ஸ பக்கம் மார்கழியில் வெள்ளைக்காரர் நிறைந்து கிடக்கையில் நமக்கு வடகீழ்ப் பருவமழை. அறுகம்பேயில் சர்பிங் சித்திரையில் தொடங்கி ஐப்பசியோடு முடிகிறது. பாசிக்குடாவும் சித்திரை முதல் புரட்டாதி வரைதான் குளிக்கத் தோதான கடல். ஆகவே கார்த்திகையில் இருந்து தை வரை சுற்றுலாக்காரரைத் தேடி அலைவது வீண். விலையைப் பாதியாகக் குறைத்தாலும் மழை நிற்காது.

அந்த மூன்று மாதமும் மட்டக்களப்புக்கு மழையைப் பாராமல் வந்தே ஆக வேண்டியவர் யார் என்று பாருங்கள். போதனா வைத்தியசாலைக்கு அம்பாறை மாவட்டத்தில் இருந்தும் ஆள் வருகிறது. புற்றுநோய்க்கு மருந்தேற்ற வருகிறவர்கள், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்து வருகிறவர்கள், அவர்களுக்குத் துணைக்கு நிற்கிறவர்கள் என்று. நோயாளிக்கு வார்டில் கட்டில் உண்டு, துணைக்கு வந்தவருக்குத்தான் படுக்க இடமில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், இங்கே கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். பிள்ளையைச் சேர்க்கத் தாய் தகப்பன் வருவார்கள். இடமாற்றம் கிடைத்து வரும் உத்தியோகத்தர் வாடகை வீடு பார்க்கும் வரை எங்கோ தங்கத்தான் வேண்டும். வெள்ளம் வந்தால் தொண்டு நிறுவனக்காரர் வாகனத்தோடு வந்து இறங்குவார்கள்.

இவர்களுக்கு வேண்டியது அழகு இல்லை. நான் ஒரு ரூமை இவர்களுக்கென்றே மாற்றினேன். செய்தது இவ்வளவுதான்: ஒரு மின் கேத்தல், ஒரு சிறிய ரைஸ் குக்கர், பெரிய சுடுதண்ணீர் பிளாஸ்க், மழையிலும் துணி காய விறாந்தையில் கூரைக்குக் கீழே கொடி, வயதானவர் பிடித்து எழும்ப பாத்ரூமில் ஒரு கைபிடி. கைபிடி பொருத்த மேசன் அரை நாள் எடுத்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சியோ இடியப்பமோ சொன்னால், வீட்டில் காய்ச்சுவதோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறோம், அதற்குத் தனிக் காசு. வாடகையை நாளுக்கென்று சொல்லாமல் கிழமைக்கென்று சொல்கிறேன். கணக்குப் பார்த்தால் நாள் வாடகையைவிடக் குறைவுதான். ஆனால் தினமும் பெட்சீற் மாற்றுவது, கழுவுவது, புது ஆளுக்குத் திறப்புக் கொடுக்கக் காத்திருப்பது எல்லாம் இல்லை. விலை குறைத்ததுபோலத் தெரியும், கையில் நிற்கிற காசு குறையாது.

இந்த ரூமைப் பற்றி எந்த விளம்பரமும் போட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரிடமும், எதிரே இருக்கும் பாமசிக்காரரிடமும் நம்பர் கொடுங்கள். ஓட்டோக்காரருக்குக் கொமிஷன் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் கொடுப்பதில்லை, அவர்தான் அந்த ஆளைத் தினமும் ஏற்றி இறக்குவார், அந்த ஓட்டம் அவருக்கு.

இரவு ரெயில்காரருக்கு வேறு வழி. விடிய முன்னம் ஸ்டேஷனில் இறங்குகிறவருக்கு முழு நாள் வாடகை கேட்டால் அவர் பிளாட்பாரத்திலேயே இருந்துவிடுவார். விடியற்காலையில் இருந்து பகல் வரைக்கும் ஒரு சிறு வாடகை வைத்தால் வருவார், குளித்து ஒரு தூக்கம் போடுவார், பாதிப்பேர் இரவும் நிற்பார்கள். நாம் எழும்பி நிற்க வேண்டியதில்லை. நம்பர் பூட்டுப் போட்ட சிறிய திறப்புப் பெட்டி ஹாட்வெயார் கடையில் கிடைக்கிறது, நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சரி. ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் நம்பரை மாற்றுங்கள். இதை யாரும் செய்வதில்லை என்பதால்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரராக இருந்தால் காலையில் எழும்பினதும் பாஸ்போட் விபரத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

புக்கிங் தளமும் கொமிஷனும்

எங்களுக்குள் பெரிய மனக்குறை இது. பெரிய புக்கிங் தளங்கள் நூற்றுக்கு 15 அளவில் எடுக்கின்றன. 6,000 ரூபா ரூமில் 900 போகும். அதனால் தளத்தைவிட்டு விலகிவிடுவம் என்று பலர் சொல்வார்கள். விலகாதீர்கள். ஜேர்மனியில் இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கல்லடி என்று ஓர் இடம் இருப்பதே அந்தத் தளத்தால்தான் தெரிகிறது. அந்த 900 ரூபா அவரை வாசல் வரை கொண்டுவந்த கூலி. திரும்பி வரும்போது, அல்லது அவர் சொல்லி இன்னொருவர் வரும்போது, நேரடியாக நம்மிடம் வந்தால் கொமிஷன் இல்லை. அதற்கு நாம் செய்ய வேண்டியது, போகும்போது ரூம் நம்பரும் வாட்ஸ்அப் நம்பரும் போட்ட ஒரு சிறிய அட்டையைக் கொடுப்பது. தளத்தில் போட்ட புக்கிங்கைக் கான்சல் பண்ணிவிட்டு நேரே வாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர்களுடைய விதிக்கு மாறு, கணக்கையே மூடிவிடுவார்கள்.

கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவது இலவசம். பதிந்தபின் போனில் வழி போட்டு, பாலத்தடியில் இருந்து நீங்களே ஒருதரம் வந்து பாருங்கள். கல்லடியில் ஒழுங்கைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன, குறி ஒரு ஒழுங்கை தள்ளி இருந்தால் ஆள் வேறு யாருடைய படலையிலோ போய்த் தட்டும். படங்களில் பாத்ரூம் படம் கட்டாயம். அதைப் பார்க்காமல் சிங்களக் குடும்பமும் வராது, வெள்ளைக்காரரும் வரமாட்டார்.

வாட்ஸ்அப் பிஸ்னஸில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமிக்கலாம். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சிங்களப் பதிலைப் போனே மொழிபெயர்த்துத் தரும், ஆனால் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். சாட்ஜிபிடியிடம் ரூமைப் பற்றி விளம்பரம் எழுதச் சொன்னால் அழகாக எழுதும். எங்களுக்கு எழுதித் தந்ததில் வீட்டு வாசலில் வெள்ளை மணல் கடற்கரை இருந்தது. வாசலில் இருப்பது வாவியும் பக்கத்து வீட்டு வாத்தும். அப்படியே போட்டிருந்தால் முதல் விருந்தினரே குறை எழுதிவிட்டுப் போவார்.

இரண்டாவது இரவு

கோடையில் பிரச்சினை வேறு. ஆள் வருகிறது, ஆனால் ஒரு இரவு நின்றுவிட்டுப் பாசிக்குடாவுக்கோ அறுகம்பேக்கோ போய்விடுகிறது. அவரைக் கேட்டால், “டவுன்ல என்ன இருக்கு?” என்பார். கோட்டையை ஒரு மணித்தியாலத்தில் பார்த்து முடித்திருப்பார். போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, உள்ளே அரச அலுவலகங்களும் இருக்கின்றன. ஆகவே இரண்டாவது இரவுக்கு ஒரு காரணம் கொடுத்தால்தான் நிற்பார்.

நம்மிடம் இருக்கும் பெரிய காரணம் வாவி. இறால், நண்டு பிடிக்கிறவர் விடியக் காலையில் வலை இழுத்து முடித்தபிறகு தோணி சும்மா கிடக்கும். அவரோடு பேசி, காலையும் பின்னேரமும் இரண்டு மணித்தியால ஓட்டம் ஒழுங்கு செய்யலாம். கண்டல் காடு, கொக்கு, நீர்க்காகம், வலை வீசுகிறவர்கள், அக்கரையில் வயல். காசை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள்: ஆளுக்கு எவ்வளவு, தோணிக்காரருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு, இரண்டு பேருக்குக் குறைந்தால் என்ன. என் அபிப்பிராயத்தில் பெரிய பங்கு தோணிக்காரருக்குப் போக வேண்டும். நமக்கு அந்த ஆள் இன்னொரு இரவு நிற்பதே லாபம். லைப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள், நீந்தத் தெரியும் என்று அடம் பிடித்தாலும். வாவியில் முதலை உண்டு, குளிக்க இறங்க விடாதீர்கள். மாரியில் வெள்ளம் ஏறி முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். அந்த நாட்களில் அந்தப் பக்கம் ஓட்டமே வேண்டாம்.

மறுகா, பாடும் மீன், அதாவது வாவித் தண்ணீருக்குள் இருந்து இரவில் கேட்கும் பாட்டுப்போன்ற சத்தம். இதை விற்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோடையில், பறுவத்தில், அதாவது முழுநிலவில், காற்று அடங்கின இரவில், 1924இல் கட்டின பழைய கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மேல் நுனியில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். எல்லா இரவும் கேட்காது. “கேட்கலாம், கேட்காமலும் போகலாம், கேட்காவிட்டாலும் காசு திரும்பாது, ஆனால் நிலாவில் ஒரு தோணி ஓட்டம் நிச்சயம்” என்று முதலே சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. கேட்கும் என்று உறுதி கொடுத்தவர்தான் பின்னால் வாக்குவாதப்படுகிறார்.

இதில் இன்னொரு வசதி. போயா விடுமுறையும் பறுவமும் ஒரே நாளில் வருவதால், கொழும்பிலும் கண்டியிலும் இருந்து சிங்களக் குடும்பங்கள் லீவு போட்டு வருகிற இரவே நிலவு இரவாகவும் இருக்கிறது. சித்திரை முதல் ஆவணி வரை வரும் போயாக்களைக் காலண்டரில் வட்டமிட்டு, தோணிக்காரரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். போயாவுக்குச் சாராயக்கடை பூட்டு. அதைத் தேடுகிறவர் வந்தபின் முகம் சுளிப்பார், முதலே சொல்லிவிடுவது நல்லது.

வாவிக்கு மேற்கே, அக்கரையில் கிடக்கும் படுவான்கரைப் பக்கம் கொண்டுபோகலாம். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபிறகு வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்துக்கிடக்கும் வேலை இல்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில், வயல், எருமைத் தயிர் என்று அரை நாள் போய்விடும். ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்கள். வழி நெடுகக் காசு கேட்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

பக்கத்து ஊர்த் தொழிலோடு சேருங்கள்

மருதமுனைத் தறிக்காரருக்கும் என் போன்றவருக்கும் தொடர்பே இருக்கவில்லை. அவர்களுடைய சாரம் நாடு முழுக்கத் தெரியும், ஆனால் இயந்திரத்தில் நெய்தது மலிவாக வந்து குவிந்தபிறகு கைத்தறிக்கு நெருக்கடி. எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் சாரத்தோடு நின்றுவிடாமல் மேசை விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் சீலை நெய்து கொடுக்கத் தொடங்கினார். நான் ஒரு ரூமுக்கு எடுத்துப் போட்டேன். “இது எங்கே வாங்கலாம்?” என்று விருந்தினர் கேட்டார்கள், அதையும் கொப்பியில் எழுதினேன். இப்போது விறாந்தையில் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது, விலை ஒட்டின சாரமும் விரிப்பும். காசு கொடுத்து வாங்கிக் குவிக்கவில்லை, விற்றால் அவருக்குக் காசு, விற்காதது திரும்பிப் போகும். இப்படிச் செய்ய விரும்புகிறவருக்கு ஒன்று: புது நிறத்தை முதலில் நீங்களே இரண்டு மூன்று தரம் தோய்த்துப் பாருங்கள். சிவப்புச் சாயம் இறங்கி ஒருவருடைய வெள்ளைச் சேட்டில் பிடித்தால், சாரம் விற்ற காசு சேட்டுக்குப் போய்விடும்.

எவ்வளவு காசு போடுவது, எப்போது விடுவது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். விலையையும் மாற்றி, படத்தையும் மாற்றி, காலைச் சாப்பாட்டையும் மாற்றினால், ஆள் கூடினாலும் எதனால் என்று தெரியாது. முதலில் ஒரே ஒரு ரூமில் செய்து பாருங்கள். தொடங்குமுன்னமே கொப்பியில் எழுதுங்கள், இதற்கு மேல் செலவழிக்கமாட்டேன், இந்த மாத முடிவில் இத்தனை பேராவது கேட்டிருக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்று. எழுதி வைக்காவிட்டால் மனம் விடாது, இன்னும் ஒரு மாதம் பார்ப்பம் என்று இழுக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சைக்கிள் வாங்கி வாடகைக்கு விட்டார். உப்புக் காற்று செயினைத் தின்றது. விட்டுவிட்டு, சைக்கிள் திருத்துகிற கடையோடு பேசி ஆளை அங்கே அனுப்புகிறார். துரு இப்போது கடைக்காரர் பாடு.

வருமானத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரரில் தங்கியிருக்க விடாதீர்கள். 2004 மார்கழிச் சுனாமி நாவலடியையும் கல்லடிக் கரையையும் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பெற்றோலுக்கு வரிசை. ஒவ்வொரு தடவையும் முதலில் நின்றுபோனது விமானத்தில் வருகிறவரின் வரவு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் வரவு நின்றுபோகவில்லை.

பதிவு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்கலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, இரண்டு மூன்று ரூம் உள்ளவருக்கு அதுதான் பொருத்தம். அதோடு மாநகர சபையில் வியாபார உரிமம். விண்ணப்பத்தை மாரியில் கொடுங்கள், அப்போதுதான் பார்க்க வருகிற உத்தியோகத்தருக்குக் காட்ட ரூம் காலியாக இருக்கும்.

கடைசியாக முற்பணம். போயா, சித்திரை லீவு, ஆவணி லீவு நாட்களுக்குப் பாதிக் காசை வங்கியில் போடச் சொல்லுங்கள். போடாதவரின் பெயரைப் பென்சிலால் எழுதி, அடுத்தவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கான்சல் பண்ணினால் எத்தனை நாளுக்கு முன்னம் சொன்னால் காசு திரும்பும் என்பதையும் அந்த வாட்ஸ்அப் பதிலிலேயே எழுதிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் மட்டும் நான் முற்பணம் கேட்பதில்லை. எத்தனை நாள் என்று அவருக்கே தெரியாது. வார்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் கணக்குப் பார்த்துக்கொள்வோம். ஒரு கிழமைக்கென்று வந்தவர் நாலாம் நாளே போனால் மூன்று நாள் காசைத் திருப்பிக் கொடுக்கிறேன், அந்த ரூமுக்கு அடுத்த ஆள் அன்றைக்குப் பின்னேரமே வந்துவிடுகிறது.